விலங்கில் சோதிக்கவில்லை என்றால் எதில் சோதித்தார்கள்?

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி. பெப்ரவரி 9, 2025

ரீச்சர், கிறீம், ஷாம்பு, தலைச்சாயம் எல்லாவற்றிலும் இப்போது முயல் படம் போட்டு "விலங்குகளில் சோதிக்கப்படவில்லை" என்று அச்சிடுகிறார்கள். முயலில் சோதிக்காவிட்டால் எங்கள் பிள்ளைகளின் தோலில்தானே சோதிக்கிறார்கள்? இதை நல்ல செய்தி என்று எப்படி ஏற்பது?

பெப்ரவரி 9, இரவு

இந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியிருக்கிறேன். அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். வீட்டில் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் செய்து உப்புவெளியில் இரண்டு விடுதிகளுக்குக் கொடுக்கிறேன். என் உறையிலும் அந்த வாசகம் இருந்தது. போன வருடம் விடுதியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, விலங்கில் சோதிக்கவில்லை. வேறு எதில் சோதித்தீர்கள்?" என்று கேட்டார். எதிலும் சோதிக்கவில்லை என்பதுதான் உண்மை. வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த உறைகளைக் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தேடிப் படித்து வருகிறேன்.

விலங்கு இல்லாமல் சோதிக்க முடியும், நன்றாகவே முடியும். ஆனால் அந்த வாசகம் மட்டும் அப்படிச் சோதித்தார்கள் என்பதற்குச் சாட்சி அல்ல. முன்பு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க முயலின் முதுகை மழித்து இரசாயனத்தைப் பூசிப் பார்த்தார்கள். இன்று அதற்குப் பதிலாகச் சோதனைக் குழாயும் மனிதக் கலங்களும் இருக்கின்றன. விரிவாக இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பிள்ளைகள் என்றீர்கள். பெருநாள் வருகிறது, கறுப்பு மருதோன்றியை (தலைச்சாயப் பொருள் கலந்து கறுப்பாக்கியது) மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தலைமுழுக்கச் சாயம் பூசுவதோடு ஒப்பிட்டால் கையில் இழுக்கும் கோடு சொற்ப அளவுதான். அதற்காகப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

பெப்ரவரி 10, காலை

நேற்று அவசரத்தில் தவறாக எழுதிவிட்டேன். முயலில் பார்த்தது எரிச்சலை; 1944இல் டிரெய்ஸ் வகுத்த முறை அது. ஒவ்வாமைக்குப் பாவித்தவை கினிப்பன்றியும், பிற்காலத்தில் சுண்டெலியும்.

இந்த வேறுபாடு முக்கியம். காரம் கூடிய சவர்க்காரம் யாருடைய கையையும் எரிக்கும், கழுவிவிட்டால் மெல்ல அடங்கும். ஒவ்வாமை அப்படிப்பட்டதல்ல. உடல் ஒரு பொருளை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை அது சிறிதளவு பட்டாலும் ஓரிரு நாளில் தோல் சிவந்து, கடித்து, கொப்புளிக்கிறது. அந்த நினைவை அழிக்க மருந்து கிடையாது.

பெப்ரவரி 14

நேற்று வகுப்பில் கருநாடிகளை, அதாவது இலத்திரன் சோடியைக் கொடுத்துப் பிணையும் பொருட்களை, படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் இலத்திரன் போகும் வழிக்கு அம்புக்குறி போடும்போதுதான், தோல் ஒவ்வாமையின் முதற்படியும் இதே அம்புக்குறிதானே என்று தோன்றியது. மாணவர்களுக்கும் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒவ்வாமை தரும் இரசாயனங்கள் பெரும்பாலும் மிகச் சிறிய மூலக்கூறுகள். தனியாக இருக்கும்வரை உடலின் காவற்கலங்கள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. மூலக்கூறு தோலுக்குள் இறங்கி, அங்குள்ள புரதத்தோடு பங்கீட்டு வலுப் பிணைப்பால் (இலத்திரன்களைப் பகிரும் உறுதியான பிணைப்பு) ஒட்டிக்கொண்டால்தான் அந்தப் புரதம் அந்நியமாகத் தெரிகிறது. ஒட்டுமிடம் அநேகமாகப் புரதத்தின் அமினோ அமிலங்களான சிஸ்டீனின் கந்தகம் அல்லது லைசீனின் அமீன். அவை கருநாடிகள், வரும் இரசாயனம் அந்தச் சோடியை வாங்கும் இலத்திரன்நாடி. இரசாயனத்தின் தாக்குதிறனுக்கும் ஒவ்வாமைக்கும் உள்ள தொடர்பை 1935இல் லாண்ட்ஸ்டெய்னரும் ஜேக்கப்சும் கினிப்பன்றிகளில் காட்டினார்கள். குருதி வகைகளைக் கண்டுபிடித்த அதே லாண்ட்ஸ்டெய்னர்தான்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று படிகள். மேற்றோல் கலங்கள் அபாயக் குறி எழுப்புகின்றன. கிளைக்கலங்கள் என்ற காவற்கலங்கள் (1868இல் மருத்துவ மாணவராக இருந்த லாங்கர்ஹான்ஸ் தோலில் கண்ட கலங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவை) உருமாறிய புரதத்தின் துண்டைச் சுமந்து நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. அங்கே ரீ கலங்கள் என்ற வெள்ளைக் குருதிக் கலங்கள் பெருகுகின்றன. நினைவு பதிவது அங்கேதான். சுண்டெலிச் சோதனை பார்த்தது இந்தக் கடைசிப் படியை: மூன்று நாள் காதில் பூசி, பிறகு எலியைக் கொன்று, கணுவில் கலங்கள் எவ்வளவு பெருகின என்று கதிரியக்கப் பொருளால் அளப்பார்கள். கினிப்பன்றியின் நிலை அதைவிடக் கொடுமை. 1969இல் வந்த முறையில் இரசாயனத்தைத் தோலுக்குள் ஊசியாலேயே ஏற்றினார்கள்.

2012இல் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு (ஓ.ஈ.சி.டி.) இந்த நான்கு படிகளையும் ஒரே சங்கிலியாக எழுதி வெளியிட்டது. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே சோதிக்கலாம் என்ற வழி அதிலிருந்து தெளிவாகத் திறந்தது.

முதற்கண்ணிக்கு உயிரே தேவையில்லை. ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு செயற்கைப் பெப்டைட்டுகள். ஒன்றில் சிஸ்டீன், மற்றதில் லைசீன். இரசாயனத்தோடு கலந்து 25 பாகை செல்சியசில், இருட்டில், 24 மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு பெப்டைட்டு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்கிறார்கள். சராசரியாக 6.38 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் இரசாயனம் ஒட்டுகிறது. இரண்டாம் கண்ணிக்கு மனிதத் தோற்கலங்கள்: அபாயக் குறி எழும்போது மின்மினிப் பூச்சியின் ஒளிநொதி அவற்றுக்குள் ஒளிரும்; ஒளி 1.5 மடங்கு கூடினால் ஆம். மூன்றாவதற்கு ரி.எச்.பி.-1 என்ற மனிதக் குருதிக் கலவரிசை, அதாவது ஒருவரிடமிருந்து எடுத்து ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்கும் கலங்கள். அதன் மேற்பரப்பில் சி.டி.86, சி.டி.54 என்ற இரு அடையாளங்கள் கூடுகின்றனவா என்று பார்க்கிறார்கள். 2021இல் வந்த ஓ.ஈ.சி.டி.யின் 497ஆம் வழிகாட்டியின்படி, மூன்றில் இரண்டு ஒரே பதிலைச் சொன்னால் அதுவே முடிவு. மனிதரில் கண்டதோடு ஒப்பிட்டபோது இந்த முறை எலியைவிடப் பின்தங்கவில்லை.

அந்த ரி.எச்.பி.-1 கலங்கள் இரத்தப் புற்றுநோய் வந்த ஒரு வயது ஆண் குழந்தையிடமிருந்து எடுக்கப்பட்டவை, 1980இல் வெளியானவை. அதை வாசித்த இரவு மேற்கொண்டு வாசிக்க மனம் வரவில்லை. விலங்கு இல்லை என்று சொல்லும்போது அந்தக் குழந்தையையும் நினைக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச் 11 முதல் விலங்கில் சோதித்த அழகுப் பொருட்களின் விற்பனையை முழுதாகத் தடுத்தது. இந்தியா 2014இல் தடை போட்டது.

பெப்ரவரி 15

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இரவு முழுக்க அதுவே மனதில் ஓடியது.

சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று உறுதிசெய்ய, கட்டாயம் ஒட்டும் என்று தெரிந்த ஒரு பொருளையும் கூடவே ஓடவிடுவார்கள். பெப்டைட்டுச் சோதனையில் அந்தப் பொருள் சின்னமல்டிஹைட்டு. தோற்கலச் சோதனையிலும் அதுதான். கறுவாப் பட்டைக்கு அந்த மணத்தைக் கொடுப்பது அது. உலகமெங்கும் ஆய்வுகூடங்கள் "இது நிச்சயம் ஒவ்வாமை தரும்" என்பதற்கு அளவுகோலாக வைத்திருப்பது எங்கள் நாட்டுக் கறுவாவின் உயிர்ப்பொருளை.

என் சவர்க்காரங்களில் அதிகம் விற்பது கறுவா. "இயற்கையானது, மென்மையானது" என்று நானே எழுதியிருந்தேன்.

விடிந்ததும் முதல் வேலையாக எண்ணெய்ப் போத்தலை எடுத்தேன். மேலே "கறுவா எண்ணெய்" என்று மட்டும் இருந்தது; பட்டையா இலையா என்று இல்லை. மூடியைத் திறந்து ஒரு துளியைக் கடதாசியில் விட்டு முகர்ந்தேன். பல்வலிக்கு வைக்கும் கராம்பு மணம். ஆகவே இலை எண்ணெய்; அதில் பெரும்பகுதி இயூஜினோல். பட்டை எண்ணெயைவிட வீரியம் குறைந்தது, ஆனாலும் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளதுதான். ஐரோப்பிய விதிப்படி இப்படியான மணப்பொருட்கள் கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தையும், பூசி விடும் பொருளில் 0.001 சதவீதத்தையும் தாண்டினால் உறையில் பெயர் சொல்ல வேண்டும். இனி என் உறையிலும் இயூஜினோல் என்று இருக்கும். மென்மையானது என்பதை அடித்துவிட்டேன்.

பெப்ரவரி 27

சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலில் கண்விழித்துவிட்டு விடியற்காலையில் கோட்டை வாசல் வழியாக வந்தேன். மான்கள் பாதையோரம் படுத்திருந்தன. சனம் இத்தனை பேர் கடந்தும் எழும்பவில்லை. தொடாதே என்று பிள்ளைகளைத் தாய்மார் இழுத்துக்கொண்டு போனார்கள்.

தரிசன வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு. அவர் அதைச் சற்று நகர்த்தி ஒட்டியபோது அடியில் அதே அளவு வெள்ளை வட்டம் தெரிந்தது. பசையில் பாரா-டெர்ஷியரி-பியூட்டைல்பீனால் இருந்தால் இப்படி நேரும். ஒவ்வாமைக்கு எங்கள் கண்முன்னே இருக்கும் சாட்சி இது.

பெப்ரவரி 27, மாலை

தூக்கக் கலக்கத்தில் எழுதியதைத் திருத்துகிறேன். வெள்ளை விழுவது ஒவ்வாமை அல்ல. அந்தப் பொருள் நிறக்கலங்களையே நச்சூட்டி அழிக்கிறது. அதே பசையிலுள்ள பிசின் சிலருக்கு ஒவ்வாமையையும் தருகிறது, அப்போது சிவந்து கடிக்கும். இரண்டும் ஒரே நெற்றியில் வரலாம். ஆனால் 14ஆம் திகதி நான் விவரித்த மூன்று சோதனைகளும் வெள்ளை விழுவதைக் காட்டித் தரமாட்டா. அவை கேட்கும் கேள்வி வேறு.

மார்ச் 3

மூதூரிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். முப்பது வருடமாக மேசன் வேலை. "என் கை சீமெந்தால் வெடித்துக் கிடக்கிறது தங்கச்சி. உங்கள் குழாய்க்குச் சீமெந்தைப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டு உள்ளங்கையின் படத்தையும் அனுப்பினார். பெருவிரல் மடிப்பில் ஆழமான வெடிப்பு, அதன் ஓரம் சாம்பல் நிறத்தில் தடித்திருக்கிறது. விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது.

தெரியாது, அண்ணா. ஈரச் சீமெந்தின் காரம் தோலை எரிக்கிறது. அது ஒரு பக்கம். ஒவ்வாமை தருவது அதிலுள்ள அறுவலுக் குரோமியம், அது உலோகம். பெப்டைட்டுச் சோதனை உலோகங்களுக்குப் பொருந்தாது. அவை புரதத்தைப் பிடிக்கும் விதமே வேறு. சீமெந்துக்குத் தீர்வு சோதனையிலிருந்து வரவில்லை, உங்களைப் போன்றவர்களின் கைகளைப் பார்த்த வைத்தியர்களிடமிருந்து வந்தது. சீமெந்தில் பெரசு சல்பேற்று சேர்த்தால் அறுவலுக் குரோமியம் முவ்வலு நிலைக்கு இறங்கும். டென்மார்க் 1980களின் தொடக்கத்திலேயே இதைச் செய்தது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற எல்லை இருக்கிறது.

அப்படியானால் உலோகத்துக்கு விலங்குதான் சரியா என்று கேட்பீர்கள். நிக்கலை எடுங்கள்: தோடு, மணிக்கூட்டுப் பட்டி, காற்சட்டைப் பொத்தான் என்று உலகில் மிக அதிகமானோருக்குத் தோல் ஒவ்வாமை தரும் உலோகம். சுண்டெலிக்கு அது சரியாகத் தெரிவதில்லை. மனிதக் காவற்கலங்களில் அபாயத்தை உணரும் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பியில், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இரண்டை நிக்கல் பற்றிக்கொள்கிறது. எலியின் ஏற்பியில் அந்த இடத்தில் அந்த ஹிஸ்டிடின்கள் இல்லை. 2010இல் இது வெளிவந்தது. எத்தனை ஆயிரம் எலிகளைக் கொன்றாலும் அந்தக் கேள்விக்கு அங்கே பதில் கிடைத்திருக்காது.

அண்ணா, தோல் கிளினிக்குக்குப் போய்க் குரோமியத்துக்கு ஒட்டுச் சோதனை (பொருளை முதுகில் ஒட்டி வைத்துத் தோலைப் பார்ப்பது) செய்யச் சொல்லிக் கேளுங்கள். கையுறைக்குள் ஈரச் சீமெந்து போய்விட்டால் கையுறை இல்லாததைவிட மோசம். உடனே கழற்றிக் கழுவுங்கள்.

மார்ச் 8

அக்காவின் கதையை எழுத அவரிடம் கேட்டேன். "எழுது, பெயர் போடாதே" என்றார்.

2016இல் அவருடைய கலியாணத்துக்கு முதல் நாள் ஓர் அழகு நிலையத்தில் கறுப்பு மருதோன்றி போட்டார்கள். அரை மணி நேரத்தில் கரி போலப் பிடித்தது, எல்லோருக்கும் சந்தோசம். பன்னிரண்டாம் நாள் கொடியும் பூவும் இருந்தபடியே தடித்து எழுந்தன. கோட்டுக்கு வெளியே தோல் சுத்தமாக இருந்தது. கோட்டின் மேல் மட்டும் கடுகளவு நீர்க்கொப்புளங்கள், இதழ் இதழாக, யாரோ ஊசியால் குத்தி வரைந்ததுபோல. நாவூறு என்றார்கள். மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். ஒரு மாதத்தில் ஆறியது, நாங்கள் மறந்துவிட்டோம்.

2023இல் முதல் நரையைக் கண்டு சாயம் பூசினார். மறுநாள் மாலை இரண்டு கண்களும் மூடிக்கொண்டன. காதுக்குப் பின்னாலிருந்து நீர் வடிந்து தலையணை நனைந்தது. வைத்தியசாலையில் மூன்று நாள். பிறகு முதுகில் ஒட்டுச் சோதனை: 48 மணி நேரம் ஒட்டி வைத்து, எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். பாரா-ஃபீனைலீன்டைஅமீன் இருந்த இடம் சிவந்து கொப்புளித்திருந்தது. சாயத்தைக் கறுப்பாக்குவதும் அதுதான், அன்றைய மருதோன்றியைக் கறுப்பாக்கியதும் அதுதான். ஏழு வருடம் அவருடைய உடல் அதை நினைவில் வைத்திருந்தது.

இங்கே ஒருவர், "சந்தேகமான பொருளை அவரவர் முழங்கை மடிப்பில் பூசிப் பார்த்தால் போதாதா?" என்று கேட்டிருந்தார். சாயப் பெட்டியில் 48 மணி நேரச் சோதனை செய்யச் சொல்லியிருக்கும். அது ஏற்கெனவே நினைவு பதிந்தவரைக் கண்டுபிடிக்கத்தான். நாளைக்கு எனக்கு நினைவு பதியுமா என்று அது சொல்லாது. புதிய இரசாயனத்தை மனிதரில் பூசி அதைக் கண்டுபிடிப்பதென்றால் யாரோ ஒருவர் வாழ்நாள் முழுதும் அதைச் சுமக்க வேண்டும். குழாய்களை நான் இவ்வளவு பரிந்து பேசுவது இதனால்தான்.

மார்ச் 9

அக்கா வாசித்துவிட்டார். மூன்று நாள் அல்ல, நான்கு நாளாம்.

மார்ச் 19

முதல் நாள் இரவு நான் எழுதிய ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். "கையில் இழுக்கும் கோடு சொற்ப அளவுதான், கவலைப்பட வேண்டியதில்லை." அது பிழை, ஆபத்தான பிழை. யாராவது அதை நம்பியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

ஒவ்வாமை பதிவதற்கு மொத்த அளவைவிட, ஒரு சதுர சென்ரிமீற்றர் தோலில் எவ்வளவு விழுகிறது என்பதே கணக்கு. 1980களில் பிரித்தானியாவில் தன்னார்வலர்களில் இதைக் காட்டினார்கள். சதுர சென்ரிமீற்றருக்கான அளவை மாற்றாமல் பரப்பைப் பாதியாக்கினால் ஒவ்வாமை பதிந்தோர் தொகை பெரிதாகக் குறையவில்லை. ஆகவே கோடு மெல்லியது என்பதில் ஒரு பாதுகாப்பும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி தலையில் பூசும்போது சாயத்தில் பாரா-ஃபீனைலீன்டைஅமீன் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் பூசவே அனுமதி இல்லை. கறுப்பு மருதோன்றிகளைச் சோதித்தபோது 15 சதவீதத்தைத் தாண்டியவையும் அகப்பட்டிருக்கின்றன. ஒரே தடிப்பில் பூசினாலும் சதுர சென்ரிமீற்றருக்கு ஏழரை மடங்கு. சாயத்தைச் சிறிது நேரத்தில் கழுவுகிறோம். மருதோன்றியை நன்றாகப் பிடிக்கட்டும் என்று காயவிட்டு வைத்திருக்கிறோம்.

இங்கேதான் உங்கள் முதற் கேள்விக்கு என் முழுப் பதில் இருக்கிறது. குழாய் சொல்வது "இந்தப் பொருளால் ஒவ்வாமை வர முடியும்" என்பதை. எலியும் அதைத்தான் சொன்னது. எவ்வளவு, எந்தத் தோலில், எவ்வளவு நேரம் என்பதை மனிதர்தான் கணிக்க வேண்டும். மீதைல்ஐசோதயசோலினோன் என்ற பாதுகாப்புப் பொருள் ஒவ்வாமை தரும் என்று விலங்குச் சோதனையிலேயே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே 2005இல் ஐரோப்பாவில் மில்லியனில் 100 பங்கு வரை அனுமதித்தார்கள். ஈரத் துடைப்பான், கிறீம் என்று எல்லாவற்றிலும் புகுந்தது. நோயாளிகள் குவிந்தார்கள். 2013இல் அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பூசி விடும் பொருட்களில் ஐரோப்பா தடை விதித்தது 2016இல். எலி உண்மையைத்தான் சொல்லியிருந்தது, அளவைக் கணித்தவர்கள் தவறினார்கள். ஆகையால் முயல் படத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம், அதைக் கண்டு ஆறுதலடையவும் வேண்டாம். பொருட்பட்டியலைக் கேளுங்கள்.

மார்ச் 29

பெருநாளுக்கு முன் அவசரமாக, கிண்ணியாச் சகோதரி கேட்டதற்கு.

மருதோன்றி இலையின் சாயப்பொருள் லோசோன். அது கறுப்பாகாது. இலையை அரைத்து வைத்தால் மணிக்கணக்கில் இருக்க வேண்டும். கழுவியவுடன் செம்மஞ்சள், மறுநாள் அல்லது அதற்கு அடுத்த நாள் செங்கபிலம். அரை மணி நேரத்தில் கறுப்பாகப் பிடித்தால் அது இலை மட்டும் அல்ல. கோனில் பொருட்பட்டியல் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். வீட்டுக் கொல்லையில் மரம் இருந்தால் இன்றே இலை ஆயுங்கள்.

ஏப்ரல் 1

சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் அரைத்த இலைதான். நேற்றுத் தொழுகைக்குப் போகும்போது கை செக்கச் சிவந்திருந்ததாம். ஆனால் மச்சாளின் மகளுக்கு, ஏழு வயது, 30ஆம் திகதி இரவு கடையில் வாங்கிய கோனால் கறுப்பாகப் போட்டுவிட்டார்கள். "இன்றைக்குப் பார்த்தேன் ரீச்சர், கை நன்றாகத்தான் இருக்கிறது. தப்பிவிட்டாள்தானே?" என்று கேட்கிறார்.

இன்னும் சொல்ல முடியாது. முதல் தடவை பட்டவருக்கு ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். பட்ட எல்லோருக்கும் வருவதில்லை, ஆகவே தாயைப் பயமுறுத்த வேண்டாம். வெறும் கோன் வீட்டில் இருந்தால் எறியாமல் ஒரு பையில் போட்டுக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே கையைப் படம் எடுத்து வையுங்கள். கோடு தடித்தாலோ கடித்தாலோ கோனையும் எடுத்துக்கொண்டு தோல் கிளினிக்குக்குப் போகட்டும். புத்தாண்டு வரைக்கும் தினமும் அந்தக் கையைப் பாருங்கள். 14ஆம் திகதி எனக்கு எழுதுங்கள்.